மீரா சாகிப் தூக்கிய கை

1985 டிசம்பர், ஒரு வியாழக்கிழமை. பாங்காக் போகும் ரயில் பட்டர்வொர்த் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தது. மூன்று பேரை வழியனுப்ப, பினாங்குத் தீவில் இருந்த எங்கள் சுங்கை பினாங் அடுக்குமாடியிலிருந்து பாதிப் பேர் ஃபெரி ஏறி வந்திருந்தோம். எனக்கு அப்போது பத்து வயது. பிளாட்பாரத்தில் யாருடைய இடுப்புக்குப் பின்னால் நின்றாலும் ஒன்றும் தெரியாத உயரம்.

அந்த மூவர் மீரா சாகிப், சந்திரசேகரன், கமால். மூவரும் எங்கள் புளோக்கைச் சேர்ந்தவர்கள். தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் செபாக் தக்ரோ ஆடப் போகிறார்கள். மலேசியாவின் முதல் இரண்டு குழுக்களும் கோலாலம்பூரிலிருந்து விமானத்தில் போய்விட்டன. மூன்றாவது குழு இவர்கள். கடைசி நேரத்தில் அழைப்பு வந்ததால், பினாங்கிலிருந்து அப்படியே ரயிலில் வந்துவிடச் சொன்னார்கள்.

மீரா சாகிப்பின் மனைவி சுலைஹா மாமி, சோற்றுப் பொட்டலங்களை ஜன்னல் வழியாக உள்ளே கொடுத்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, முகத்த ஏன் அப்படி வச்சிருக்க?" என்றார் சந்திரசேகரன். "போறப்ப மூணு பேரு. வர்றப்ப மூணு பேரும் ஒரு மெடலும். சரியா?"

"மெடல் கெடக்கட்டும். அவருக்கு ஜன்னல் சீட்டக் குடுங்க, வாந்தி எடுப்பாரு."

"நாள் முழுக்க ஃபெரியில ஆடிக்கிட்டு நிக்கிற ஆளு, ரயிலுக்கு வாந்தியா?"

"தண்ணி மேல ஒண்ணும் ஆகாதுலா. தண்டவாளம்னாதான்."

மீரா சாகிப் சிரித்துக்கொண்டே ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். ரயில் கிளம்பியபோது மற்ற இருவரும் கையசைத்தார்கள். அவர் பொட்டலத்தின் நூல் அவிழ்ந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அவரைப் பற்றி எனக்கு நினைவிருக்கும் முதல் காட்சி அது.

பத்தொன்பது வயதில் ஃபெரியில் வேலைக்குச் சேர்ந்தவர் மீரா சாகிப். கரை நெருங்கும்போது கயிறு வீசுவது, வண்டிகளை வரிசைப்படுத்துவது, ஆட்கள் இறங்குவதற்குச் சங்கிலியை எடுத்துவிடுவது. காலை முறை முடிந்தால் மாலையில் தக்ரோ. எங்கள் புளோக்குக்குப் பின்னால், ஆற்றை ஒட்டிய சிமெண்டுத் தரையில் ஒரு வலை எப்போதும் கட்டியிருக்கும். மலாய்க்காரர்கள், தமிழர்கள், எப்போதாவது இரண்டு சீனப் பையன்கள் என்று எல்லோரும் ஆடுவார்கள்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தக்ரோவில் வலைக்கு இந்தப் பக்கம் மூவர், அந்தப் பக்கம் மூவர். பந்தைக் காலாலும் தலையாலும் அடிக்கலாம், நெஞ்சில் வாங்கலாம். கை மட்டும் படக்கூடாது. கமால் பின்னால் வட்டத்துக்குள் நின்று முதல் பந்தை உதைப்பவர். மீரா சாகிப், வரும் பந்தை வலைக்கு அருகில் உயரத் தூக்கிக் கொடுப்பவர். சந்திரசேகரன் அந்தப் பந்துக்கு எகிறி, காற்றில் தலைகீழாகி, எதிர்ப்பக்கம் அடித்து இறக்குபவர். கூட்டம் கைதட்டுவது அவருக்குத்தான். தூக்கிக் கொடுத்தவரை யாரும் படம் எடுப்பதில்லை. மீரா சாகிப்புக்கு அதில் குறையும் இல்லை. சந்திரசேகரனின் கால் எந்த உயரத்தில் வரும் என்று பள்ளிக்கூட நாளிலிருந்து அவருக்குத் தெரியும். பந்தைத் தூக்கிவிட்டு அவர் மேலே பார்ப்பதுகூட இல்லை.

எங்கள் தரையில் நடுவர் கிடையாது. அதனால் ஒரு வழக்கம் இருந்தது. ஆடும்போது யாருடைய காலோ சட்டையோ வலையில் பட்டால், அதை முதலில் உணர்ந்தவர் கை தூக்க வேண்டும். பட்டது தன் கால்தான் என்று அதற்கு அர்த்தமில்லை. எங்கள் பக்கம் தவறு, பந்து செத்துவிட்டது என்பது மட்டும்தான். மூவரில் யார் தூக்கினாலும் அது மூவருடைய கை. யாருடைய கால் என்று யாரும் கேட்க மாட்டார்கள். தூக்காதவர்களை மறுநாள் யாரும் ஆடக் கூப்பிட மாட்டார்கள்.

பாங்காக்கில் நடந்ததை எங்களுக்குச் சொன்னவர் கமால். திரும்பி வந்த வாரம், மாடிப்படியில் உட்கார்ந்து, கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னார்.

இறுதி ஆட்டத்துக்குப் போவது யார் என்று முடிவாகும் போட்டி. எதிரில் தாய்லாந்து. இரு நாடுகளும் ஆளுக்கு ஒரு ஆட்டம் வென்றிருந்தன. மிச்சம் மூன்றாவது குழுக்களின் ஆட்டம். அதிலும் கடைசி செட். அவர்கள் பதினான்கு, நாங்கள் பன்னிரண்டு. பதினைந்து எடுத்தால் முடிந்தது. பந்து போடுவது அவர்கள்.

"அவன் போட்ட பந்த நான் நெஞ்சுல வாங்கினேன்," என்றார் கமால். மீரா சாகிப்பை அவர் 'நானா', அதாவது அண்ணன் என்றுதான் சொல்வார். "நானா தூக்கிக் குடுத்தாரு. சந்திரன் அண்ணே பறந்தாரு பாருங்க, அப்படி ஒரு அடி. பந்து அவங்க தரையில விழுந்து உருண்டு ஓடுது. நான் குதிக்கிறேன். ஸ்டேடியம் முழுக்க கப்சிப். அப்பதான் பாக்குறேன், நானா கை மேல நிக்குது."

"நடுவர் பாத்தாரா?"

"நடுவரும் பாக்கல, கோடு பாக்க நின்னவனும் பாக்கல. தாய்க்காரனே பாக்கல. அவனுங்க மூஞ்சியப் பாத்தா தெரியாதா? நடுவர் எறங்கி வந்து நானாகிட்ட, 'வலையா?'ன்னு கேட்டாரு. நானா தலைய ஆட்டிட்டாரு. அவ்வளவுதான். பதினஞ்சு."

"ஏன்டா தூக்கினாருன்னு கேட்டியா?"

"கேட்டேன். 'கை தானா போயிருச்சு கமாலு'ன்னாரு. நான் என்னத்தச் சொல்ல? ரெண்டு நாளா நானே யோசிக்கிறேன், என் கை போயிருக்குமா போயிருக்காதான்னு."

தோற்றது ஒரு விஷயம். அதற்குப் பிறகு உடைமாற்றும் அறையில் நடந்தது வேறு. குழுவின் மேலாளர் உள்ளே வந்து, வலையைத் தொட்டது யார் என்று கேட்டார். மீரா சாகிப் சந்திரசேகரனைப் பார்த்தார். சந்திரசேகரன் குனிந்து முழங்கால் கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார். சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டே இருந்தார். கை தூக்கியவர் மீரா சாகிப் என்பதால், தொட்டவரும் அவர்தான் என்று மேலாளர் எடுத்துக்கொண்டார். மறுநாள் பத்திரிகையிலும் இரண்டு வரியில் அப்படியே வந்தது.

திரும்பும் ரயிலில் சந்திரசேகரன் ஒரே ஒரு கேள்வி கேட்டாராம். "யாரு உன்ன கை தூக்கச் சொன்னா?"

"யாரும் சொல்லல," என்றாராம் மீரா சாகிப்.

அதற்குப் பிறகு பேச்சில்லை. தென் தாய்லாந்தில் ஹட்ஜாய் பக்கம் தண்டவாளத்தின் இருபுறமும் வெள்ளம். ரயில் ஊர்ந்து போயிருக்கிறது. மீரா சாகிப் வாந்திகூட எடுக்கவில்லை என்றார் கமால்.

எங்கள் வராந்தாவில் சுலைஹா மாமிதான் பொறுக்க மாட்டாமல் வெடித்தார். என் அம்மா கமலாம்பிகையிடம், துணி உலர்த்திக்கொண்டே சொன்னது எனக்குக் கேட்டது.

"நீங்களே சொல்லுங்க டீச்சர். இவரு பந்தத் தூக்கிக் குடுத்துட்டு ரெண்டடி பின்னால நிக்கிற ஆளு. வலையத் தொடணும்னா அங்க போனாத்தானே? மேல பறந்தது யாரு? கால் போனது யாருக்கு? ஊரு பூரா இவரத் தொட்டவன்னு சொல்லுது."

"மீரா ஏன் பேசாம இருக்கிறார்?"

"கேட்டா, 'அது அவன் சொல்ல வேண்டியது. நான் சொன்னா கோள் மூட்டுறது'ங்கிறாரு. நான் போயி சொல்லட்டுமான்னா, 'நீ அங்க போனா நான் ஃபெரியிலயே படுத்துக்குவேன்'ங்கிறாரு."

அதன் பிறகு தேசியப் பயிற்சிக்கு மீரா சாகிப்பை யாரும் அழைக்கவில்லை. சந்திரசேகரனை ஒரு முறை அழைத்தார்கள், வேறொருவர் பந்து தூக்கிக் கொடுத்தார். அந்தக் கூட்டு ஒட்டவில்லை. அவரையும் விட்டுவிட்டார்கள். கொஞ்ச நாளில் அவர் குடும்பத்தோடு கடலுக்கு அந்தப் பக்கம், பாகான் டாலாமுக்கு வீடு மாறிப் போனார்.

வேலை மட்டும் தீவில், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில். பாகான் டாலாமிலிருந்து ஃபெரித் துறைக்கு நடந்தே வந்துவிடலாம். ஆனால் ஃபெரியில் மீரா சாகிப் இருந்தார். போட்டி நடந்த ஆண்டுதான் பினாங்குப் பாலம் திறந்திருந்தது. சந்திரசேகரன் ஒரு மோட்டார்சைக்கிள் வாங்கினார். மழையோ வெயிலோ, தெற்கே பிறாய் வரை போய், பாலம் ஏறிக் கடலைக் கடந்தார். தொழிற்சாலைக்கு அது குறுக்கு வழிதான் என்று அவர் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் தீபாவளிக்குச் சாமான் வாங்க லிட்டில் இந்தியாவுக்கு வந்தபோதும், சொந்தக்காரர் கல்யாணத்துக்கு வந்தபோதும் பாலம்தான்.

கமால் ஒரு தடவை கேலி செய்தார். "ரெண்டு பேரு பேசாம இருக்கறதுக்கு கவர்மெண்ட் எவ்வளவு பெரிய பாலம் கட்டிக் குடுத்திருக்கு பாருங்க நானா."

மீரா சாகிப் சிரித்தார். அவர் எதற்காகக் காத்திருந்தார் என்பது எங்கள் புளோக்கில் எல்லோருக்கும் தெரியும். பத்திரிகை திருத்தி எழுத வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. மன்னிப்பையும் எதிர்பார்க்கவில்லை. பட்டது என் கால் என்று சந்திரசேகரன் தன் வாயால் ஒரு தடவை சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் அவராலும் இவர் முகத்தைப் பார்க்க முடியாது, இவராலும் பழையபடி "சந்திரா" என்று கூப்பிட முடியாது.

கேலி ஓய இரண்டு மூன்று வருடமாயிற்று. ஃபெரி கரையில் கொஞ்சம் வேகமாக இடித்தால், கூட வேலை செய்பவர்கள், "மீரா அண்ணே, இடிச்சது நீங்களா? கை தூக்குங்கலா," என்பார்கள். அவரும் முகத்தில் சிரிப்பே இல்லாமல் கையைத் தூக்குவார். தெரியாத பயணிகள், யாருக்குச் சைகை காட்டுகிறார் என்று திரும்பிப் பார்ப்பார்கள்.

மாலைகளில் ஆற்றோரத் தரைக்குப் போவதை அவர் நிறுத்தவில்லை. பிரம்பில் பின்னிய ரோத்தான் பந்து போய்ப் பிளாஸ்டிக் பந்து வந்தது. பந்தின் சத்தம் மாறியது. ஆடுபவர்கள் மாறினார்கள். அவர் யாருக்கும் எதுவும் கற்றுக்கொடுக்கவில்லை, நாலாவது ஆளாக ஓரத்தில் நின்று, யாராவது வராதபோது ஆடினார். ஆசிய விளையாட்டுப் போட்டியில் தக்ரோவைச் சேர்த்த வருடம், ஆட்டங்களைத் தொலைக்காட்சியில் காட்டியபோது எங்கள் வீட்டுக்கு வந்து பார்த்தார். அவர்கள் வீட்டுப் பெட்டி பழுதாகியிருந்தது. அடிப்பவர் பறக்கும்போதெல்லாம் நாங்கள் பந்தைப் பார்த்தோம். அவர் வலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தடவை மட்டும் அவருடைய வலது கை நாற்காலியின் பிடியிலிருந்து கொஞ்சம் எழும்பி, மறுபடி இறங்கியது. திரையில் ஆட்டம் தொடர்ந்து நடந்தது.

பிறகு நான் ஊரைவிட்டுக் கிளம்பிவிட்டேன். படிப்பு, அதை விட்டது, கையில் கிடைத்த வேலைகள், பல ஊர்கள். 1998-இல் பாங்காக்கிலிருந்து ரயிலில் பட்டர்வொர்த் வந்து இறங்கினேன். ஃபெரித் துறைக்குப் போகும் நடைபாதையில், ஒரு பெஞ்சில், ஊன்றுகோலைப் பக்கத்தில் சாய்த்து வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். கடந்து போன என்னைக் கூப்பிட்டார்.

"நீ கமலாம்பிகை டீச்சர் மகதானே? அதே நடை."

சந்திரசேகரன். தலை நரைத்து, உடம்பு கனத்திருந்தது. இடது முழங்கால் நீட்டியபடியே இருந்தது. பறந்து பறந்து இறங்கிய கால் என்று எனக்குத் தோன்றியது. மோட்டார்சைக்கிள் ஓட்ட முடியாமல் ஆறு மாதமாகிறதாம். தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டார். தீவில் பெரியாஸ்பத்திரியில் காலைக் காட்ட வேண்டும்.

"டாக்சியில பாலத்து மேல போகலாம்னு மகன் சொல்றான்," என்றார். "வேணாம்னுட்டேன். மூணு நாளா இங்க வந்து உக்காந்து பாக்குறேன். ஃபெரி வருது, போவுது. ஏற முடியல."

"கால் வலியா மாமா?"

"அதுவும்தான்."

கொஞ்ச நேரம் ஊன்றுகோலின் பிடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு, "இப்ப நீ போற ஃபெரியில அவன் இருக்கான். நான் பாத்தேன். ஒண்ணு சொல்லணும், சொல்றியா? நான் சொல்றத அப்படியே சொல்லணும். உன் சொந்தச் சரக்க சேக்காத," என்றார்.

சொன்னார். ஒரு தடவை என்னைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

ஃபெரியில் ஆட்கள் ஏறி முடிந்து, மீரா சாகிப் சங்கிலியை மாட்டினார். என்னைப் பார்த்ததும் பையை வாங்கிக் கீழே வைத்தார். எப்ப வந்த, எங்கெல்லாம் போன, ஏன் இப்படி இளைச்சுட்ட என்று வரிசையாகக் கேட்டார். சந்திரசேகரன் மாமா ஒரு சேதி சொல்லி அனுப்பியிருக்கிறார் என்றேன்.

அவர் நிமிர்ந்து கரையைப் பார்த்தார். பெஞ்சு அங்கிருந்து தெரியவில்லை. ஃபெரி நகரத் தொடங்கியிருந்தது.

"சொல்லு," என்றார்.

"'பாங்காக்ல வலையில பட்டது என் கால். அது அவனுக்குத் தெரியும், இருந்தாலும் நான் சொன்னேன்னு சொல்லு. திங்கக்கெழம காலையில முதல் ஃபெரிக்கு வர்றேன். ஏறுற எடத்துல நிக்கச் சொல்லு. முழங்கால் மடங்கல, அவன் கையப் புடிச்சாத்தான் ஏற முடியும்.'"