ஏழுபேர் வள்ளம்

கடியப்பட்டணத்தில் மரியஜான் என்று கேட்டால் யோசிப்பார்கள். மைக்செட் ஜான் என்றால் வழி சொல்வார்கள். கல்யாண வீடானாலும் சாவு வீடானாலும் ஸ்பீக்கர் கட்ட அவர்தான் வருவார். வயது ஐம்பத்திரண்டு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அடுத்த வீட்டில் இருக்கும் அண்ணன் மனைவி ரெஜினாள் வீட்டிலிருந்துதான் மூன்று வேளையும் சாப்பாடு. கடற்கரையில் பிறந்த மனிதர் இருபத்தெட்டு வருடங்களாக வள்ளத்தில் ஏறியதில்லை. அதன் காரணம் தங்களுக்குத் தெரியும் என்று ஊர்க்காரர்கள் நினைத்திருந்தார்கள்.

1996 அக்டோபரில் ஒரு சாயங்காலம் ஏழு பேரோடு போன வள்ளம் திரும்பவில்லை. அந்த ஏழாவது ஆளாக மரியஜான் போயிருக்க வேண்டும். காய்ச்சல் என்று படுத்துவிட்டார். காலையில்தான் கடலிலிருந்து வந்து குளித்திருந்த அண்ணன் ததேயுஸ், தம்பிக்குப் பதிலாகத் தானே கிளம்பினார். வாசலில் நின்ற ரெஜினாள், "காலைலதானே வந்தீரு, என்னத்துக்கு மறுபடியும் போறீரு?" என்று கேட்டிருக்கிறாள். "பாவம், அவனுக்கு மேலு கொதிக்கு" என்று தம்பியின் காய்ச்சலைச் சொல்லிவிட்டு நடந்தார் ததேயுஸ். மனைவியிடம் அவர் கடைசியாகப் பேசியது அதுதான். இடுப்பில் எட்டு மாதக் குழந்தை பிரீனாவை வைத்துக்கொண்டு, அவர் தென்னைகளைத் தாண்டிப் போகும்வரை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். ஏழு உடல்களில் ஒன்றுகூடக் கரைக்கு வரவில்லை.

மரியஜானுக்குக் கிதார் வாசிக்கத் தெரியும். கோயில் பாடகர் குழுவில் பழகியது. அதற்கடுத்த இரண்டு வருடங்களில் அவர் வேறெந்த வேலையும் செய்யாமல் ஒரு பெரிய பாட்டு நாடகத்தை எழுதினார். வசனமே கிடையாது, ஒன்றரை மணிநேரமும் பாட்டு, எலெக்ட்ரிக் கிதார், டிரம்ஸ். பங்குக் கோயிலில் அப்போது இருந்த இளம் சாமியார் அதைக் கேட்டுவிட்டு, இதற்கு ராக் ஆப்பரா என்று பெயர் என்றார். ஊர்க்காரர்கள் கத்துப்பாட்டு என்றார்கள். ஆனாலும் 'ஏழுபேர் வள்ளம்' மேடையேறிய முதல் திருவிழாவில் அழாத ஆள் இல்லை. முக்கியமான பாட்டின் பல்லவிக்கு, அண்ணன் கடைசியாகப் பேசியதாக ரெஜினாள் சொன்ன வார்த்தைகளையே எடுத்திருந்தார்: மேலு கொதிக்கு, தம்பிக்கு மேலு கொதிக்கு. குளச்சல் முதல் முட்டம் வரை பிள்ளைகள் அதைப் பாடிக்கொண்டு திரிந்தார்கள். பத்துப் பன்னிரண்டு வருடம் திருவிழாதோறும் நடந்தது. பிறகு நடிக்க ஆளில்லாமல் நின்றுபோனது. அந்தப் பாட்டு மட்டும் நிற்கவில்லை.

அதைப் படமாக எடுக்க வேண்டும் என்று தக்கலையிலிருந்து பிரபின் வந்தான். முப்பது வயது, இரண்டு குறும்படம் எடுத்தவன். ஒரு மாதம் மரியஜான் வீட்டிலேயே கிடந்து பழைய கேசட்டுகளைக் கேட்டான். கேட்கத் தெரிந்தவன். அப்படிக் கேட்கிற ஆள் முன்னால் மனிதனுக்கு வாய் தானாகத் திறந்துவிடுகிறது. மழை அடித்துப் பெய்த ஒரு மத்தியானம், யாரிடமும் சொல்லாத ஒன்றை மரியஜான் அவனிடம் சொன்னார். சொல்லி முடித்ததும் பயம் பிடித்துக்கொண்டது.

"மக்கா, இது படத்துல வரண்டாம்."

"ஒருத்தருக்கும் விளங்காது மாமா. எனக்க வாக்கு" என்றான் பிரபின்.

வராது என்று அவன் சொல்லவில்லை. மரியஜான் அதை அப்போது கவனிக்கவில்லை.

படம் முடிந்ததும் தக்கலைத் தியேட்டரில் ஒரு வாரம் காலைக் காட்சி மட்டும் கிடைத்தது. முதல் நாள் கடியப்பட்டணத்திலிருந்து இரண்டு வேன்களில் ஆட்கள் போனார்கள். திரையில் தெரிந்தது அவர்களுடைய கடல் இல்லை. வயல் நடுவே வள்ளம் மிதந்தது. ஏழு பேரும் சொட்டச் சொட்ட நனைந்து நாகர்கோவில் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தார்கள். கண்டக்டருக்கு மீன் தலை. ஒரு பாட்டின்போது கோயில் மணிக்குள்ளிருந்து மணல் கொட்டிக்கொண்டே இருந்தது. கடைசியில் செத்தவர்கள் தண்ணீர்மேல் நடந்து வந்து, கரையைத் தொடாமல் திரும்பிப் போனார்கள்.

இடைவேளையிலேயே சண்டை தொடங்கிவிட்டது. அந்த வள்ளத்தில் மகனைக் கொடுத்த நேசையன் எழுந்து நின்று, "எனக்க பிள்ளையைக் கோமாளி ஆக்கிப் போட்டானே!" என்று கத்தினார். அவரோடு பாதிப் பேர் வெளியேறினார்கள். மீதிப் பேர் உட்கார்ந்து அழுதார்கள். கல்லூரிப் பிள்ளைகள் சிலர் கைதட்டினார்கள். சிலர் கொட்டாவி விட்டார்கள். வேனில் திரும்பும்போது ஒரே குடும்பத்தில் அப்பன் ஒரு பக்கமும் மகன் ஒரு பக்கமுமாக வாதாடிக்கொண்டு வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தும் அதே பேச்சு. இது கலை என்றது ஒரு கூட்டம், கிறுக்கு என்றது இன்னொரு கூட்டம்.

மரியஜான் எந்தப் பக்கமும் பேசவில்லை. அவர் மனதில் ஒரு காட்சிதான் இருந்தது. ஒருவன் கட்டிலில் படுத்திருக்கிறான். வாயில் தெர்மாமீட்டர். அதில் பாதரசம் ஏறவே இல்லை. போர்வைக்குள் அவன் விரல்கள் கிதார் வாசிக்கின்றன. நெற்றியில் ஒரு கை வந்து படிகிறது. கை வைத்தவனின் முகம் தெரிவதில்லை, சிரிப்பு மட்டும் கேட்கிறது. அப்புறம் கட்டில் காலி. வாசற்படியில் வைத்த கஞ்சிச் சட்டி நிறைந்து, கடல் வழிந்து ஓடுகிறது. பின்னணியில் பல்லவி. படத்தைப் புகழ்ந்தவர்களும் திட்டியவர்களும் அந்தக் காட்சியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிரபின் வாக்கைக் காப்பாற்றிவிட்டான் என்று மூச்சு விட்டார்.

ரெஜினாள் மறுநாளும் தனியாக பஸ் ஏறி அந்தப் படத்துக்குப் போனாள். அதற்கடுத்த நாளும் போனாள். ததேயுஸாக நடித்த பையனுக்கு அவருடைய சாயல் இருந்தது. புருஷனைப் பார்க்கப் போகிறாள், பாவம் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். மரியஜானும் அப்படித்தான் நினைத்தார். நான்காம் நாள் காலையில் அவள் அவர் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"நீயும் வா" என்றாள்.

தியேட்டரில் பதினோரு பேர் இருந்தார்கள். அவள் திரையிலிருந்து கண் எடுக்கவில்லை. அந்தக் கட்டில் காட்சி முடிந்ததும் எழுந்து வெளியே போனாள். மரியஜான் பின்னாலேயே போனார். சைக்கிள் நிறுத்துமிடத்தில் யாரும் இல்லை. அவள் சுவரில் சாய்ந்து நின்றாள்.

"நான் அண்ணைக்கி ஒனக்குக் கஞ்சி கொண்டு வந்தேன். கதவு சாத்திக் கெடந்து. உறங்குதான்னு நெனச்சு படியில வச்சிட்டுப் போனேன். காலைல பாத்தா அப்படியே இருந்து. நீ வீட்டுல இல்ல, இல்லையா?"

மரியஜான் தலையைக் குனிந்தார்.

"எங்க போன?"

"நாகர்கோவிலுக்கு. ஒரு கல்யாணக் கச்சேரி. கிதாருக்கு ஆள் இல்லைன்னு கூப்பிட்டாவ. பின்வாசல் வழியா போனேன் மதினி."

"காய்ச்சல்?"

"இல்ல."

உள்ளே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"அவருக்குத் தெரியுமா?"

பொய் சொல்ல அவருக்கு அப்போது ஒரு வாய்ப்பு இருந்தது. அண்ணனுக்குத் தெரியாது, அவரையும் ஏமாற்றினேன் என்று சொல்லியிருந்தால் பழி முழுவதும் தன்மேல் விழுந்திருக்கும். அவளுக்கு அவளுடைய புருஷன் மிச்சமிருந்திருப்பார். ஆனால் இருபத்தெட்டு வருடம் சுமந்ததை இறக்கிவைக்கும் அவசரத்தில் அவருக்கு அது தோன்றவில்லை.

"நெத்தியில கைய வச்சுப் பாத்தாரு. குளுந்து இருந்து. சிரிச்சாரு. 'ஏலே, எனக்குத் தெரியும், நீ போய் வாசி, அவகிட்ட நான் சொல்லிக்கிடுதேன்'ன்னாரு."

ரெஜினாள் அவரைப் பார்த்தாள்.

"எங்கிட்ட அவரு கடைசியா பேசினது அந்த ஒண்ணுதான். அதுவும் பொய்யா?"

"மதினி..."

"அண்ணனும் தம்பியும் சேந்து என்னை ஏமாத்தினீங்க. சரி, அவரு போயிட்டாரு. நீ அதைப் பாட்டாக்கின. எங்கிட்டயே கேட்டு எழுதின. ஊரே பாடும்ப நான் முன் வரிசையில இருந்து அழுதேன். நீ மேடையில நின்னு என்னைப் பாத்துக்கிட்டே வாசிச்ச."

அவள் சத்தம் போடவில்லை. அதுதான் மரியஜானால் தாங்க முடியாமல் இருந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் முன்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அன்று மத்தியானம் சாப்பாடு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அவள் ஊரில் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை என்பது சில நாளில் அவருக்குத் தெரிந்தது. கணவன் பொய் சொன்னதை வெளியே சொல்ல அவளுக்கு மனமில்லையோ என்னவோ. அந்த வாரமே தக்கலையில் மகள் பிரீனாவின் வீட்டுக்குப் போய்விட்டாள். முழங்கால் வலிக்கு ஆஸ்பத்திரி பக்கம் என்று அயல் வீட்டில் சொன்னாளாம்.

மரியஜான் இரண்டு தடவை போய்ப் பார்த்தார். முதல் தடவை அவள் உள்ளறையிலிருந்து வெளியே வரவில்லை. இரண்டாவது தடவை பிரீனா வாசலிலேயே நின்று, "அம்மை உறங்குதா சித்தப்பா. என்ன நடந்துன்னு கேட்டா வாயே திறக்கல்ல. நீங்களாவது சொல்லுங்க" என்றாள். அப்பாவைப் போட்டோவில் மட்டுமே கண்ட பெண். அவளிடம் எதைச் சொல்வது? சும்மா பார்த்துவிட்டுப் போக வந்தேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்.

அக்டோபரில் ஏழு பேர் நினைவு நாள் கூட்டத்தில், அந்தப் பாட்டு இனி வேண்டாம் என்று எழுந்து சொன்னார். படத்தின்மேல் உள்ள கோபம் என்று எடுத்துக்கொண்டார்கள். நேசையனுக்குச் சந்தோஷம், கையைப் பிடித்துக் குலுக்கினார். இளைஞர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. "பாட்டு இப்பம் ஊருக்குள்ளதாக்கும்" என்றார்கள். நடந்ததை எல்லாம் சொல்லிவிட அவர் வாய் திறந்தார். தக்கலையில் வாய் மூடிக் கிடப்பவளின் ஞாபகம் வந்தது. உட்கார்ந்துவிட்டார்.

டிசம்பரில் பிரபின் போன் செய்தான். கேரளத்தில் ஒரு விழாவுக்குப் படம் போகிறது, அங்கேயும் பார்த்தவர்கள் இரண்டாகப் பிரிந்து சண்டை போடுகிறார்கள் என்று உற்சாகமாகச் சொன்னான். "நீங்க மேடைக்கு வரணும் மாமா."

"வேலை கெடக்கு மக்கா" என்றார்.

பொய் இல்லை. மேலத்தெருவில் ஒரு சாவு வீடு. ஏணியைத் தோளில் எடுத்துக்கொண்டு, வயர்ச் சுருளைக் கையில் மாட்டி, மழைத் தூறலில் இறங்கி நடந்தார்.