மருதாணிச் செடியில் மூன்று குஞ்சுகள்

லோத்குண்டாவில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் ராணுவத்துக்குச் சொந்தமான காலி நிலம். வேம்பும் சீத்தாமரமும் முட்புதருமாக ஆள் நடமாட்டமே இல்லாமல் கிடக்கும். அத்துமீறி நுழையக் கூடாது என்று சுவரில் மூன்று மொழிகளில் எழுதிப் போட்டிருந்தார்கள். மயில்கள் அதைச் சட்டை செய்ததில்லை. விடிந்ததும் சுவர்மேல் வந்து நின்று எங்கள் கொல்லையை ஒரு நோட்டம் விடும். திருப்தியாக இருந்தால் இறங்கும்.

என் கணவருக்கு மாதாப்பூரில் கம்ப்யூட்டர் வேலை. பைக்கில் போக ஒன்றேகால் மணி நேரம், டிராபிக் இருந்தால் இன்னும் கூட. அவரோடு வேலை பார்த்தவர்கள் எல்லாரும் ஆபீசுக்குப் பக்கத்திலேயே புது ஃபிளாட்டுகளில் இருந்தார்கள். வீடு பார்க்கப் போன அன்று இந்த மயில்களைப் பார்த்துவிட்டு, இருந்தால் இங்கேதான் என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன். பாவம், மனிதர் அன்றே அட்வான்ஸ் கொடுத்தார். எனக்கு அடம் பிடிக்கத் தெரிந்த அளவு அவருக்கு மறுக்கத் தெரியாது.

அந்த வருடம் ஐந்து மாதம் நான் படுத்தே கிடந்தேன். அதற்கு முன் இரண்டு முறை வயிற்றில் தங்காமல் போயிருந்தது. மூன்றாவது முறை, நாலாம் மாதம் தொடங்கியதும், டாக்டரம்மா கருப்பை வாயில் ஒரு தையல் போட்டார். பாத்ரூம் போக மட்டும் எழுந்திருக்கலாம், அதற்கு மேல் ஓர் அடி எடுத்து வைத்தாலும் நான் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டார். பேகம்பேட்டில் பார்த்துக்கொண்டிருந்த சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலையை விட்டேன். கணவர் கட்டிலைக் கொல்லைப்புற ஜன்னலோரமாக இழுத்துப் போட்டார். அது இல்லாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கும்.

எங்களிடம் இரண்டு பூனைகள் இருந்தன. சாம்பல் நிறத்தில் ஒரு பெண், மஞ்சள் பட்டை போட்ட ஓர் ஆண். மூத்தவள், சின்னவன் என்றே கூப்பிட்டோம். முதல் இரண்டு முறையும் ஆசை ஆசையாகப் பெயர் தேர்ந்தெடுத்து வைத்துவிட்டு இழந்ததில், பெயர் வைப்பதென்றாலே எனக்குப் பயம் வந்திருந்தது.

சின்னவன் சரியான போக்கிரி. கணவரின் ஆபீஸ் அட்டையை அதன் நாடாவைக் கவ்வி இழுத்துக்கொண்டு போய்க் கட்டிலுக்கடியில் ஒளித்து வைப்பான். காலை ஏழரை மணிக்கு, இஸ்திரி போட்ட சட்டையோடு அவர் தரையில் தவழ்ந்து தேடுவதை நான் மேலே படுத்தபடி ரசிப்பேன். அம்மா திருநெல்வேலியிலிருந்து பஸ்ஸில் கொடுத்துவிடும் நெத்திலிக் கருவாட்டை எந்த டப்பாவில் வைத்தாலும் திறந்துவிடுவான். திருடியதைத் தானே தின்றாலாவது பரவாயில்லை. சுவரோரம் கொண்டுபோய் வைப்பான். பதினொரு மணி வாக்கில் ஒரு கீரி தன் இரண்டு குட்டிகளோடு சாக்கடையோரமாக வரும். இவன் வாலைப் புசுபுசுவென்று தூக்கிக்கொண்டு பெரிய சண்டியர் போல நிற்பான். கீரி இவனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கருவாட்டை எடுத்துக்கொண்டு போகும். மறுநாளும் இதே கதைதான்.

மூத்தவள் வேறு மாதிரி. இருக்கிற இடம் தெரியாது. காலையில் கணவர் கிளம்பியதும் வந்து என் வயிற்றோடு முதுகை ஒட்டிப் படுத்தால் சாயங்காலம் வரை கிடப்பாள். வயிற்றுக்குள் குழந்தை அசையத் தொடங்கிய பிறகு, அசைகிற இடத்துக்கே காதைத் திருப்புவாள். அவளுடைய கர்ர் சத்தமும் மாத்திரை மயக்கமும் ஒன்றாகக் கலந்து என்னை எங்கோ கொண்டுபோகும். தூங்குகிறேனா விழித்திருக்கிறேனா என்பதே தெரியாத பகல்கள் அவை. இலைகளின் நிழல் கூரையில் ஆடும். செம்போத்து ஒன்று பூமிக்கு அடியிலிருந்து கூப்பிடுவது போலக் கூப்பிடும். கண் திறந்தால் ஜன்னல் கம்பிக்கு வெளியே ஒரு மயில் கழுத்தை நீட்டி என்னையே பார்த்துக்கொண்டிருக்கும். மறுபடி கண் திறந்தால் அங்கே ஓர் அணில் இருக்கும். அந்த மயில் நிஜமாகவே வந்ததா என்று யாரைக் கேட்பது?

பூனைகளை விரட்டச் சொல்லி அம்மா தினமும் போன் செய்வாள். "ஏ பிள்ள, வயித்துல பிள்ளய வச்சுக்கிட்டு அந்தப் பூனையளக் கட்டிலேத்தி வச்சிருக்கியே, ஒனக்குக் கொஞ்சமாவது புத்தி இருக்கா? எத்தன மட்டம் சொல்லுதேன்!" என்பாள். பூனையின் கழிவைத் தொடக் கூடாது, கையைக் கழுவிக்கொண்டால் போதும் என்று டாக்டரம்மாவே சொல்லியிருந்தார். அம்மாவிடம் அதைச் சொல்லிப் பலனில்லை.

பகலில் என்னைப் பார்த்துக்கொண்டது பக்கத்து வீட்டம்மா. ஓய்வு பெற்ற ராணுவக்காரரின் மனைவி. எங்கள் வீட்டுச் சாவி ஒன்று அவரிடம் இருந்தது. மதியம் வந்து சோற்றைச் சுடவைத்துக் கொடுப்பார். நான் லேசாகத் தலையைத் தூக்கினாலே, "நக்கோ பேட்டி, நக்கோ! உட்னா நக்கோ!" என்று எழுந்திருக்கவே விடமாட்டார். கணவரோடு பேச எங்களிடம் மிஸ்டு கால் கணக்கு ஒன்று இருந்தது. ஒரு மிஸ்டு கால் என்றால் சாப்பிட்டுவிட்டேன். இரண்டென்றால் நேரம் கிடைக்கும்போது கூப்பிடவும். மூன்றென்றால் போட்டது போட்டபடி ஓடி வரவும். மூன்று அதுவரை கொடுத்ததில்லை.

மே மாதம் ஒரு ஜோடி கொண்டைக்குருவிகள் ஜன்னலுக்கு எதிரே இருந்த மருதாணிச் செடியில் கூடு கட்டின. தலையில் கறுப்புக் கொண்டை, வாலுக்கடியில் குங்குமச் சிவப்பு. நாரும் காய்ந்த புல்லும் சிலந்திவலையும் கொண்டு வந்து அவை கட்டியதை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை நான் பார்த்தேன். ஸ்டூல் போட்டு எட்டிப் பார்த்த கணவர், மூன்று முட்டை என்றார். எனக்கு அன்றைக்குத் தலைகால் புரியவில்லை. பெண்குருவி அடைகாக்க உட்கார்ந்தது, நான் இங்கே படுத்திருந்தேன். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே பகலைக் கழித்தோம். அதற்கு என்னைத் தெரியும் என்றே நம்பினேன். அதன் குஞ்சுகள் பிழைத்தால் என் குழந்தையும் பிழைக்கும் என்று எப்போது நினைக்க ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. படித்த பெண், இப்படியெல்லாம் நினைக்கலாமா என்று வெட்கமாக இருந்தது.

குஞ்சுகள் பொரிந்ததும் சின்னவனின் கழுத்தில் சலங்கை கட்டினோம். அதுவும் போதாதென்று பகலில் அவனை முன்னறையில் போட்டுப் பூட்டினோம். மூத்தவளையும் பூட்டட்டுமா என்று கணவர் கேட்டார். வேண்டாம் என்றேன். அவள் ஈ எறும்பைக்கூடத் துரத்தாதவள். அதோடு, அவள் பக்கத்தில் இல்லாமல் எனக்குப் பகல் நகராது. உண்மையான காரணம் இதுதான்.

ஜூனில் ஒரு நாள் துணியில் லேசாகக் கறை பட்டது. நான் பாத்ரூம் போவதையும் டாக்டரம்மா நிறுத்திவிட்டார். எல்லாம் படுக்கையிலேயே. இன்னும் ஆறு வாரம் தாங்கிவிட்டால் குழந்தையைக் காப்பாற்றிவிடலாம், அதுவரை காலைத் தரையில் வைக்காதே என்றார். கணவர் அந்த ஆறு வாரத்தைக் காலண்டரில் கட்டம் போட்டு வைத்தார்.

அது நடந்தது அந்த வாரத்தில்தான். மதியச் சாப்பாட்டைக் கொடுத்துவிட்டு, பக்கத்து வீட்டம்மா மல்காஜ்கிரியில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போயிருந்தார். மேகம் மூடியிருந்தது. நான் அரைத் தூக்கத்தில் இருந்தேன். மூத்தவள் எழுந்து, முதுகை வளைத்துச் சோம்பல் முறித்து, ஜன்னல் கம்பி வழியாக வெளியே இறங்கியது தெரிந்தது. தினமும் போய்வருகிறவள்தானே என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

குருவிகள் கத்திய கத்தலில் விழித்தேன். மூத்தவள் மருதாணியின் நடுக்கிளைக்கு வந்திருந்தாள். அவசரமே இல்லாமல் ஏறிக்கொண்டிருந்தாள். நான் கத்தினேன். திரும்பி என்னைப் பார்த்தாள், சாதாரணமாக, வீட்டில் பார்ப்பது போலவே பார்த்தாள். பிறகு மேலே ஏறினாள். தலையணையை எறிந்தேன். கம்பியில் பட்டு உள்ளேயே விழுந்தது. தண்ணீர் டம்ளரை எறிந்தேன். அதுவும் அப்படித்தான்.

எழுந்து உட்கார்ந்து கால்களைத் தொங்கவிட்டேன். உள்ளங்கால்கள் தரையைத் தொட்டன. சமையலறை, பின்கதவு, தாழ்ப்பாள், இரண்டு படி. இருபது எட்டு இருக்கும். கை தானாகவே போனை எடுத்து மூன்று மிஸ்டு கால் கொடுத்தது. அவர் இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கிறார், வந்து என்ன செய்வார் என்றெல்லாம் யோசிக்கவில்லை. எழுந்திருக்கப் போனேன். அடிவயிற்றில் ஏதோ இழுத்தது. நிஜமாகவே இழுத்ததா, பயத்தில் அப்படித் தோன்றியதா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கையில் இருந்த போனையும் ஜன்னலைப் பார்த்து வீசினேன். பேட்டரி தனியாகக் கழன்று எங்கோ ஓடியது.

பிறகு ஒவ்வொரு காலாகத் தூக்கிக் கட்டிலில் வைத்தேன். எப்போதும் இடது பக்கமாகவே படுக்கச் சொல்லியிருந்தார்கள். ஜன்னல் இருந்ததும் இடது பக்கம்தான்.

முழுவதையும் பார்த்தேன். மூன்று முறை அவள் தலை கூட்டுக்குள் போய்வந்தது. குருவிகள் இரண்டும் அவள் முதுகில் மோதி மோதிக் கத்தின. பெண்குருவி ஒரு தடவை ஜன்னல் கம்பியிலேயே வந்து உட்கார்ந்து, வீட்டுக்குள் பார்த்துக் கத்திவிட்டுப் போனது.

கொஞ்ச நேரத்தில் மூத்தவள் வந்து வழக்கமான இடத்தில், வயிற்றை ஒட்டிப் படுத்தாள். வாயோரத்தில் இறகுத் துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தது. அவளைத் தள்ளிவிட வேண்டும் என்று நினைத்தேன். தள்ளவில்லை. உள்ளே குழந்தை ஒரு தடவை புரண்டது. அது உயிரோடு இருக்கிறது என்ற சந்தோஷத்தில் அழுதேன்.

அவர் வந்து சேரும்போது மணி மூன்றரை ஆகிவிட்டது. கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார், போன் அணைந்து கிடந்தது. வழியில் பாலாநகரில் மழை பிடித்துக்கொண்டதாம். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், சொட்டச் சொட்ட நனைந்து உள்ளே வந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. போர்வையை விலக்கிப் படுக்கை விரிப்பைப் பார்த்தார். அதில் ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணுமில்ல," என்றேன். "பூனை குஞ்சுகளத் தின்னுட்டு."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "அம்புட்டுத்தானா?" என்றார். "அம்புட்டுத்தானே? வேற ஒண்ணுமில்லையே?"

வேறொரு நாளாக இருந்திருந்தால் அந்த வார்த்தைக்காக அவரை உண்டு இல்லையென்று ஆக்கியிருப்பேன். அன்று, "அம்புட்டுத்தான்," என்று நானும் சொன்னேன்.

சாயங்காலம் பக்கத்து வீட்டம்மா விஷயம் கேள்விப்பட்டு ஓடி வந்தார். "அச்சா கரே பேட்டி, உட்டே நை!" என்று என் நெற்றியை வழித்துத் திருஷ்டி கழித்தார். எழுந்திருக்காமல் இருந்தது நல்ல காரியமாம். அம்மாவும் போனில் அதையேதான் சொன்னாள். எல்லாரும் மெச்ச மெச்ச எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மறுநாள் முழுவதும் பெண்குருவி வாயில் புழுவோடு வந்து கூட்டின் விளிம்பில் நின்றது. கொஞ்ச நேரம் நிற்கும், பறக்கும், மறுபடி வரும். ஜன்னலைச் சாத்திவிட்டுப் போகட்டுமா என்று கணவர் கேட்டார். திறந்தே இருக்கட்டும் என்றேன். பார்த்துத்தான் ஆக வேண்டும் என்று இருந்தது.

ஆறு வாரம் தாங்கியது. அதற்கு மேலும் தாங்கியது. ஆவணி மாதக் கடைசியில் மகள் பிறந்தாள், இரண்டேகால் கிலோ. மூத்தவள் தொட்டிலுக்கடியிலேயே காவல் கிடந்தாள்.

மகளுக்கு இப்போது ஏழு வயது. நாங்கள் தமிழில் கேட்டால் இந்தியிலோ தெலுங்கிலோ பதில் சொல்லும் பிள்ளை. தான் வயிற்றில் இருந்தபோது நடந்த கதைகளென்றால் அவளுக்கு உயிர். கருவாட்டுக் கதைக்கு விழுந்து விழுந்து சிரிப்பாள். பிறகு குருவிக் கதைக்கு வருவாள். மூன்று குஞ்சுகளும் பறந்துவிட்டனவா என்று இந்தியில் கேட்பாள். மூன்றும் பறந்துவிட்டன என்பேன். அந்த நேரத்தில் அவள் அப்பா பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொள்வார்.

போன வாரம் அவள் புதிதாக ஒன்று கேட்டாள். பூனை அவற்றைப் பிடிக்க வந்திருந்தால் நீ என்ன செய்திருப்பாய்?

"ஓடிப்போய்க் காப்பாத்தியிருப்பேன்," என்றேன்.

அவள் நம்பிக் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அந்தக் கைகளின் கனத்தை என்மேல் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தப் பகல் இன்னொரு தடவை வந்தாலும் நான் கால்களைத் தூக்கிக் கட்டிலில்தான் வைப்பேன்.