உங்க கதை வேணும்
மருத்துவமனைச் சலவை அறையில் நாளெல்லாம் போர்வை மடித்த களைப்பில், வீட்டுக்கு வந்ததும் தங்கை தரையிலேயே சாய்ந்துவிட்டாள். அப்போது ஒரு பத்திரிகை ஆசிரியர் போனில் அழைத்தார்.

"சிறப்பிதழுக்கு உங்க கதை வேணும்மா."

அவள் எழுதி அனுப்பிய சிறுகதைகள் போன வேகத்தில் திரும்பி வந்துதான் பழக்கம். யாரும் கேட்டு வாங்கியதில்லை. அதனால் தன் வாழ்க்கையைத்தான் விசாரிக்கிறார் என்று நினைத்துவிட்டாள்.

"என் கதையா? காலையில போர்வை, சாயங்காலம் இடுப்புவலி. அவ்வளவுதாங்க."

அவர் சிரித்துவிட்டார். "அதில்லைம்மா, சிறுகதை. புதுசா எழுதித் தர முடியுமா?"

கண் சொக்கியது. முடியாது என்று சொல்ல வாயெடுத்தவளை, பக்கத்தில் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்த அக்கா நறுக்கென்று கிள்ளினாள்.

"சரின்னு சொல்லுடி! பாத்திரத்தை நான் தேய்ச்சுக்கிறேன்."

"சரிங்க" என்று போனை வைத்தாள். எழுந்திருக்கத்தான் தெம்பில்லை.

"அக்கா, அந்தப் பேனாவை இப்படி உருட்டி விடேன்."