அந்தக் குரல் என்ன சொன்னது?

என் தம்பி முல்லைப் பெரியாற்றில் மூழ்கி இறந்த பிறகு, அவன் குரல் எனக்குக் கேட்கத் தொடங்கியது. தேனியில் நான் பார்த்த டாக்டர், "சத்தம் குறைஞ்சிருக்கா?" என்று மட்டும் கேட்பார். இல்லை என்றால் மாத்திரையைக் கூட்டுவார். பகலெல்லாம் தூங்கி வழிந்தேன்.

கம்பத்தில் ஒரு தையல் பள்ளியில், மனநல மருந்து சாப்பிடுகிறவர்கள் ஞாயிறுதோறும் கூடிப் பேசுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். மருந்து மட்டும் போதுமா என்று அங்கே வெளிப்படையாகவே கேட்டார்கள். உத்தமபாளையத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் மைமூன் அக்கா, என் கதையைக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"எனக்கும் குரல் கேக்கும் தங்கச்சி. உங்க தம்பி என்ன சொல்றாக?"

அதுவரை யாருமே இதைக் கேட்டதில்லை. "குளிருது அக்கான்னு சொல்றான்."

"நீங்க என்ன பதில் சொன்னீக?"

"பதில் பேசக் கூடாதுன்னு வீட்டுல சொல்லிட்டாக."

"பேசிப் பாருங்க. மாத்திரைய மட்டும் நீங்களா நிப்பாட்டிராதீக. டாக்டருட்ட இதையும் சொல்லுங்க."

மறுநாள் பாத்திரம் கழுவும்போது அவன் கூப்பிட்டான். "அக்கா இங்கனதான்டா இருக்கேன்" என்றேன். அவன் இறந்த பிறகு அன்றுதான் முதன்முதலாக வாய்விட்டு அழுதேன்.

சில மாதங்களாகக் குரல் வரவில்லை. டாக்டர் சந்தோஷமாக மாத்திரையைக் குறைத்தார். நான்தான் இன்னமும் சில நேரம் குழாயை மூடிவிட்டுக் காது கொடுத்து நிற்கிறேன்.