ஒரே நிறத்தில் இரண்டு ஸ்லைடுகள்

என் மேசை இழுப்பறையில் இரண்டு கண்ணாடி ஸ்லைடுகள் இருக்கின்றன. இரண்டிலும் கடுகளவு இரைப்பைத் திசு. இரண்டும் ஒன்றுபோல் காப்பிப் பழுப்பு. ஒன்று, தமிழ்நாட்டு எல்லையோரம் ஹனூர் என்ற ஊரிலிருந்து வந்த நோயாளி ஒருவருடையது. மைசூரில் ஒரு மருத்துவமனையின் பரிசோதனைக் கூடத்தில் திசுவைச் சீவிச் சாயம் ஏற்றுவது என் வேலை. எங்களுக்கு நோயாளி என்றால் ஓர் எண், அவ்வளவுதான். ஆராய்ச்சிக்கான சம்மதப் படிவத்தைத் தமிழில் விளக்க ஆளில்லை என்று என்னை வார்டுக்கு அனுப்பினார்கள். அப்படித்தான் இந்த மனிதரின் முகம் தெரிந்துபோனது.

இரைப்பைப் புற்றுக்கு ஏற்றும் மருந்து சிலருக்குக் கேட்கும், சிலருக்குக் கேட்காது. யாருக்குக் கேட்காது என்று முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் அடையாளம் கட்டியிலேயே இருக்கிறதா என்று எங்கள் பெரிய டாக்டர் தேடிக்கொண்டிருந்தார். ஒரு புரதத்தின் மேல் அவருக்குச் சந்தேகம். அது மிகுந்திருந்தால் திசுவில் பழுப்பு அடர்த்தியாக ஏறும். அப்படி ஏறினால் மருந்து கேட்காமல் போகலாம். அதுவும் வெறும் சந்தேகம்தான், நிரூபணமாகவில்லை. அதனால் முடிவை நோயாளியிடமோ அவருக்குச் சிகிச்சை தரும் டாக்டரிடமோ சொல்லக்கூடாது. இதையெல்லாம் நான் விளக்கி முடித்ததும் அவர் சிரித்தார். "எனக்குச் சொல்ல மாட்டீங்க, என்னோடதை மட்டும் எடுத்துக்குவீங்க. நல்ல நாயமுங்க அம்மிணி" என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

மூன்று வாரத்துக்கு ஒரு முறை மருந்துக்கு வருவார். வந்தால் எங்கள் கூடத்து வாசலில் தலையை நீட்டி, "நம்ம துண்டு சௌக்கியமுங்களா?" என்று கேட்பார். நானும் சிரித்துவைப்பேன். இரண்டாவது முறை அவர் வந்தபோது ஸ்லைடு தயாராகியிருந்தது. அத்தனை அடர்ந்த பழுப்பை நான் அதுவரை பார்த்ததில்லை.

அன்று அவர் தலையை நீட்டியதோடு போகவில்லை, நின்றார். மகளுக்குத் தையில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. "வைகாசிக்குத் தள்ளி வெச்சரலாம்னு இருக்கறனுங்க. அதுக்குள்ள மருந்து முடிஞ்சு மசுரும் மொளச்சிரும். பந்தியில நானே நின்னு பரிமாறோணும். சரிதானுங்களா?"

டாக்டரைக் கேளுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். தலையைக் குனிந்து, ஏற்கெனவே துடைத்த மேசையை மறுபடி துடைத்தேன். அவர் என் குனிந்த தலையைப் பார்த்தார். பிறகு, "சரிங்க அம்மிணி, தையிலயே வெச்சுக்கறேன்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

தையிலேயே கல்யாணம் நடந்தது. மாசியில் ஸ்கேன் எடுத்தபோது கட்டி சுருங்காமல் வளர்ந்திருந்தது. பங்குனியில் அவர் போய்விட்டார். காகிதங்கள் வாங்க வந்த அவர் மனைவி என்னைத் தேடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். "தலைக்குத் துண்டைக் கட்டிக்கிட்டு எல்லா எலைக்கும் அவரு கையாலயே சோறு போட்டாருங்க. நீங்க சொல்லித்தான் தையில வெச்சேன்னாரு." நான் எதுவும் சொல்லவில்லை என்பதை அவரிடம் சொல்லாமலே அனுப்பிவைத்தேன். அந்த அம்மா போன பிறகு அழுதேன். நல்லதுதான் செய்தோம் என்ற பெருமையும் அந்த அழுகையில் கொஞ்சம் இருந்தது. மறைப்பானேன்.

அந்தப் பெருமை வெகுநாள் நிலைக்கவில்லை. எல்லா ஸ்லைடுகளையும் நோயாளிகளின் நிலையோடு ஒப்பிட்டுப் பார்த்த பெரிய டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். பழுப்பு, மருந்து கேட்டவர்களிடமும் இருந்தது, கேட்காதவர்களிடமும் இருந்தது. அடையாளம் என்று நம்பியது அடையாளமே இல்லை. இனி அவை தேவையில்லை என்றார். இரண்டை மட்டும் நான் எடுத்து வைத்துக்கொண்டேன்.

இரண்டாவது ஸ்லைடு மைசூர் விஜயநகரில் இருக்கும் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவருடையது; அவருக்கும் படிவத்தை நான்தான் விளக்கினேன். அதே பழுப்பு. அவருக்கு மருந்து நன்றாகக் கேட்டது, கட்டி சுருங்கியது, அறுவை சிகிச்சையும் ஆயிற்று. இப்போதும் வருடாந்தரப் பரிசோதனைக்கு ஸ்கூட்டரில் வருகிறார். போன வாரம் வந்தபோது, மகனோடு ஊர் சுற்றப் போவதாகச் சொல்லி, "நெக்ஸ்ட் இயர் வர்றப்போ போட்டோ காட்டறேன் மா" என்றார்.

அவர் போனதும் இழுப்பறையைத் திறந்து இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எதைப் பார்த்து ஹனூர்க்காரருக்காகத் தலைகுனிந்தேனோ, அது இரண்டிலும் ஒன்றாகவே இருக்கிறது. அன்று அந்த வாசலில் நின்று கேட்டது டீச்சராக இருந்திருந்தால், அவருக்கும் நான் தலையைக் குனிந்துதான் இருந்திருப்பேன்.