ரெங்காஸ் கதவும் சின்னையாவின் பட்டப்பெயரும்

வெள்ளிக்கிழமை காலை சுங்கை ஊடாங்கிலிருந்து சின்னையாவின் மகள் போன் செய்தாள். "பெரியப்பா, அப்பா போயிட்டாரு." நான் "சரி" என்றேன்.

டுரியான் துங்காலில் உள்ள மரப்பட்டறையில் நான் மேஸ்திரி. சின்னையா அங்கே மரத்தின் தரம் பார்த்தவன். எனக்கு எழுத்து நானே கற்றது. உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். யாரும் திருத்த வேண்டாம்.

ரெங்காஸ் மரத்தின் வயிரம் ரத்தச் சிவப்பு, நடுவே கறுப்பு வரிகள். இழைத்து மெழுகு தேய்த்தால் போதும், சாயமே வேண்டாம். மேசை, அலமாரி செய்ய அதைவிட அழகான மரம் இந்தப் பக்கம் கிடையாது. ஆனால் பச்சையாக இருக்கையில் அதன் பால் பட்டால் தோல் கொப்பளிக்கும். நன்றாகக் காய்ந்துவிட்டால் ஒன்றும் செய்யாது. சின்னையா பலகையின் வெட்டு முனையைப் பார்ப்பான். கறுப்புக் கசிவு இருந்தால் திரும்ப அடுக்கிவிடுவான். "அவசரப்பட்டா கடிக்கும்லா" என்பான்.

எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு ரெங்காஸில் கதவு செய்ய ஒப்புக்கொண்டோம். கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. "இன்னும் பால் நிக்குது அண்ணே. பழைய கதவே இருக்கட்டும். இத அடுத்த வருஷம் மாட்டுவோம்" என்றான் சின்னையா.

"ஊருக்கெல்லாம் சொல்லியாச்சு. நீ மேஸ்திரியா, நான் மேஸ்திரியா?"

"நீங்கதான். ஆனா மரத்துக்கு அது தெரியாதே!"

பட்டறையே சிரித்தது. என் தோலை அந்தப் பால் ஒன்றும் செய்ததில்லை. அந்தத் துணிச்சல் வேறு. அவன் லீவில் இருந்த வாரம் நானே கதவை இழைத்து மாட்டினேன்.

கதவுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்த பெண்களின் கைகள் மறுநாள் கொப்பளித்தன. ஒருத்திக்குக் கண்ணே திறக்க முடியவில்லை. ஆத்தாவின் கோபம் என்றார்கள் சிலர். கோயில் கூட்டத்தில் தலைவர் கேட்டார்: "மரம் காஞ்சிருச்சுன்னு யாரு சொன்னது?"

நான் வாய் திறக்கவில்லை. சின்னையா எழுந்தான். "நான்தான்."

வெளியே வந்ததும் அவனிடம் சண்டை போட்டேன். "உன்ன யாருய்யா சொல்லச் சொன்னது?"

"நீங்க சொல்ல மாட்டீங்க அண்ணே. பழி உங்க மேல விழுந்தா கோவிச்சிக்கிட்டு வீட்டுல குந்திக்குவீங்க. அப்புறம் அந்தக் கதவ யாரு கழட்டிக் காய வைக்கிறது?"

அன்று முதல் ஊர் அவனை 'ரெங்காஸ்' என்றது. காப்பிக்கடையில் அவன் உட்கார்ந்தால், "தள்ளி உக்காருய்யா, அரிக்கும்!" என்பார்கள். அவனும் சிரிப்பான். அதே மேசையில் நானும் இருப்பேன். வாய் திறந்தால் அவன் பொய்யன். திறக்காவிட்டால் நான் பொய்யன். அந்தப் பொறியில் என்னை அடைத்தவன் அவன்தான். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அந்த மனத்தாங்கல் இன்றும் எனக்குத் தீரவில்லை.

சாவு வீட்டிலும் ஒருவர், "ரெங்காஸ எப்ப எடுக்கறாங்க?" என்று கேட்டார். அவன் மகள் தலைகுனிந்ததைப் பார்த்தேன்.

ஆகவே, அவனை அறிந்தவர்களே, கேளுங்கள். பச்சை மரத்தை மாட்டியவன் நான். அதைக் கழற்றி, ஓராண்டு நிழலில் காய வைத்து, மீண்டும் மாட்டியவன் சின்னையா. இன்று அந்தக் கதவில் பிள்ளைகள் கன்னம் சாய்த்து நிற்கிறார்கள். கதவு அவன் பேரில் இருக்கட்டும். பட்டப்பெயரை நான் எடுத்துக்கொள்கிறேன். இனி காப்பிக்கடையில் யாராவது 'ரெங்காஸ்' என்று கூப்பிட்டால், திரும்பிப் பார்ப்பவன் நான்தான்.