மதினியின் படத்துக்கு அண்ணன் ஏன் விளக்கு போடவில்லை

மகாராஜபுரத்தில் எங்கள் பெற்றோருக்குத் தலைப்பிள்ளையாகப் பிறந்தவர் அண்ணன். நான் சிறுபிள்ளையாக இருக்கும்போதே அப்பா காலமாகிவிட, அண்ணன் படிப்பை நிறுத்திவிட்டு ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் சேர்ந்தார். அவர் சம்பளத்தில்தான் நான் படித்தேன், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வாழ்க்கைப்பட்டேன். கம்பெனியில் அவருக்குச் சலவைப் பிரிவில் வேலை. வெளுத்து வரும் துணியில் மஞ்சள் தங்கியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். வீட்டுக் கொடியில் வேட்டி காய்ந்தாலும் எட்ட நின்று பார்த்துக் குறை சொல்வார். அதற்காக நாங்கள் அவரைக் கேலி செய்யாத நாள் கிடையாது.

மதினிக்கு வன்னியம்பட்டி. பிள்ளைகள் இல்லை என்ற குறையை இருவரும் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை. அண்ணன் ஓய்வு பெற்ற கொஞ்ச நாளில் மதினிக்குக் கல்லீரல் கெட்டு மஞ்சள் காமாலை முற்றிவிட்டது. கடைசி நாட்களில் கண்ணும் முகமும் உள்ளங்கையும் பார்க்க முடியாதபடி மஞ்சளித்துக் கிடந்தன. பட்டாளத்தில் இருந்த மதினியின் தம்பி லீவு கிடைத்து வந்து சேர்வதற்குள் தகனம் முடிந்துவிட்டது.

வீட்டில் மாட்டுவதற்குக் கல்யாணமான புதிதில் எடுத்த கருப்பு வெள்ளைப் படம் ஒன்றுதான் நன்றாக இருந்தது. அதை அண்ணன் பெரிதாக்கக் கடையில் கொடுத்தார். வந்த படத்தில் முகத்தில் லேசாக மஞ்சள் ஓடியிருந்தது. "கருப்பு வெள்ளைப் படந்தான சார், இதுல என்ன கலரு?" என்றார் கடைக்காரர். அண்ணன் அவரிடம் வாதாடவில்லை. வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டரும் இங்க்ஜெட் பிரிண்டரும் வந்து இறங்கின. முதலாண்டு நினைவு நாளுக்குள் படத்தைத் தானே அடித்து மாட்டிவிட வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார்.

நான் போகும்போதெல்லாம் மேசை நிறைய மதினியின் முகமாகக் கிடக்கும். ஒன்றில் பச்சை, ஒன்றில் ரோஸ். "கருப்பு மைய மட்டும் வச்சு இது அடிக்கலட்டி. நீலம், செவப்பு, மஞ்ச எல்லாத்தையும் கலந்துதான் சாம்பலக் கொண்டாருது. ஒண்ணு ஒரு பொட்டு கூடினாலும் மூஞ்சில தெரிஞ்சிரும்" என்பார். கம்ப்யூட்டர் நிறத்தைத் திருத்தி அனுப்ப, பிரிண்டரும் தன் பங்குக்கு மறுபடி திருத்துகிறது என்று கண்டுபிடிக்கவே அவருக்கு மாதக்கணக்கானது. "ரெண்டு பேரு ஒரே கொழம்புல உப்புப் போட்டா வெளங்குமா? அதான் பிரிண்டரச் சும்மா இருன்னு சொல்லிட்டேன்" என்றார். காகிதத்துக்குக் காகிதம் மை வேறுமாதிரி ஊறும். அதனால் ஒவ்வொரு காகிதத்துக்கும் அதற்குரிய நிறக்கணக்கு உண்டாம், புரொஃபைல் என்று பெயர். தன் காகிதத்துக்கு உள்ளதைத் தேடி ஏற்றினார். கம்ப்யூட்டர் திரை பொய் சொல்கிறதா என்று அளந்து பார்க்கவும் ஒரு சின்னக் கருவி வாங்கினார்.

அடித்த படத்தை அன்றைக்கே பார்க்க மாட்டார். காயவைத்து, மறுநாள் காலை ஜன்னல் வெளிச்சத்தில் வைப்பார். தன் கண்ணையும் அவர் நம்பவில்லை. "வயசான கண்ணு மஞ்சளா காட்டும். ஏட்டி, செத்த வந்து பாத்துட்டுப் போ" என்று போன் வரும். நானும் பஸ் ஏறுவேன். ஒரு நாள் காலை எந்த நிறமும் சேராத சாம்பலில் மதினி இருந்தார். நோய் தொடாத முகம். அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து அழுதார், நானும் அழுதேன்.

நினைவு நாளுக்கு முந்தின நாளே மதினியின் தம்பி வந்துவிட்டார். படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். மறுநாள் கடைத்தெருவுக்குப் போய், படத்துக்கு மேல் மாட்டும் மஞ்சள் விளக்கு ஒன்று வாங்கிவந்து தன் கையாலேயே மாட்டி எரியவிட்டார். மதினியின் முகம் முழுக்க மஞ்சளானது. அண்ணன் எழுந்துபோய், அத்தனை பேர் முன்னிலையிலும் அந்த விளக்கைக் கழற்றிக் கீழே வைத்தார். காரணம் சொல்லவில்லை. தம்பி இலையில் உட்காராமல் கிளம்பிப் போனார். அதன்பிறகு அவர் அந்த வீட்டுப் படி ஏறவில்லை.

"ஒரு வார்த்த சொன்னா என்ன அண்ணே?" என்று கேட்டேன்.

"அவன் அந்த மூஞ்சியப் பாக்கலட்டி. நல்லா இருந்தப்ப பாத்ததுதான் அவங்கிட்ட இருக்கு. நான் எதுக்கு அதக் கெடுக்கணும்? நீயும் யார்ட்டயும் சொல்லாத."

பொண்டாட்டி படத்துக்கு விளக்குப் போடக்கூட மனசில்லாதவர் என்று நம் உறவிலேயே பேசினார்கள். வந்துபோவதும் நின்றது. வெள்ளை பல்பு போட்டும் அண்ணன் பார்த்தார். ஜன்னல் வெளிச்சத்தில் சரியாக இருந்த முகம் அதில் பச்சையடித்தது. பொழுது சாய்ந்தால் அந்த அறையில் விளக்கே போடாமல் தனியாக உட்கார்ந்திருப்பார். அப்படி இருந்த ஒரு சாயங்காலத்தில்தான் நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் உயிர் பிரிந்துவிட்டது.

பதினாறாம் நாள் மதினியின் தம்பி வந்தார். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தலை நிமிரவில்லை.

"அக்காவ ஆஸ்பத்திரியில வச்சிருந்தப்பவே ஒருத்தன் போன்ல படம் அனுப்பிட்டான். பாத்துட்டேன். கண்ண மூடினா அந்த மஞ்ச மூஞ்சிதான். அத்தான் அடிச்ச படத்தப் பாத்த அன்னைக்குத்தான் அது எனக்குப் போச்சு. அதுக்குக் கைமாறா என்ன செய்யன்னு தெரியாமதான் அந்த வெளக்க வாங்கிட்டு வந்தேன்."

அண்ணனை ஆட்டோவில் ஏற்றி மடியில் தாங்கிச் சென்ற பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும், பாடை சுமந்த கம்பெனி நண்பர்களுக்கும், தூரம் பாராமல் வந்து நின்ற உறவுகளுக்கும், அண்ணன் போன இந்த ஓராண்டில் என்னை மறக்காமல் எட்டிப்பார்த்தவர்களுக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன். இன்னும் ஒருவருக்குச் சொல்ல வேண்டியது பாக்கி இருக்கிறது.

அண்ணே, மதினி தம்பிக்கு மொதல்லயே தெரியுமாம்.